கார் கேள்வி-பதில்: சூடு எவ்வளவு வரை சரி?

கேள்வி: என்னுடையது பழைய பெட்ரோல் கார். டெம்பரேச்சர் மீட்டரில் எண் கிடையாது. 'சி', 'எச்' மட்டும்தான். ஹைவேயில் முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நெரிசலில் நடுவைத் தாண்டி ஏறி, ஃபேன் ஓடியதும் இறங்கிவிடுகிறது. இது சரியா? எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

சரிதான். பழைய கார்களில் நன்றாக ஓடிச் சூடான எஞ்சினின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) பெரும்பாலும் 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். நெரிசலில் 100-ஐத் தொட்டாலும், ஃபேன் அதை இறக்கிவிட்டால் கவலை வேண்டாம்.

கீழ் எல்லையைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு. அதன் மேலேயே 82, 88 என்று ஏதாவது எண் அடித்திருக்கும். அது திறக்க ஆரம்பிக்கும் சூடு. முழுதாகத் திறக்க இன்னும் 10, 15 டிகிரி ஏற வேண்டும். மேல் பக்கத்தைக் கவனிப்பது ஃபேன் ஸ்விட்ச். பல கார்களில் 92–97-க்குள் ஃபேனை ஓடவிட்டு, நான்கைந்து டிகிரி இறங்கியதும் நிறுத்தும். உங்கள் முள் இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஆடுகிறது. பிற்காலக் கார்கள் பலவற்றில் கூலன்ட் 80-லிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிட்டார்கள். அந்த வகையில் பழைய மீட்டரே மேல்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அளவு குறைவாகக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள். அப்போதும் உள்ளே இருக்கும் கூலன்ட் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

டிகிரியைவிட, எப்போது ஏறுகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால் ஃபேன், ரிலே, ஸ்விட்ச் இவற்றைப் பாருங்கள். நெரிசலில் ஒழுங்காக இருந்து வேகமெடுத்தால் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். வேகத்தில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு; வண்டியை நிறுத்தியதும் அது பழையபடி ஆகிவிடுவதால் எளிதில் கண்ணில் படாது.

கேள்வி: எஞ்சின் சூடாகிறது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டார். இப்போது முள் 'சி'யை விட்டு நகர்வதே இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது.

திரும்பப் போடச் சொல்லுங்கள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாது. சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதே தெர்மோஸ்டாட்தான். அங்கே அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சூடு இன்னும் கூடும்.

பழைய தெர்மோஸ்டாட் கெட்டதா என்று பார்க்க, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அடித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாகத் திறந்தால் நல்லது. மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்கட்டும். ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வர வேண்டும். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

கேள்வி: வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ரேடியேட்டர் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் துரு பிடிக்கும். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கேள்வி: கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் முள் முன்பைவிட மேலே நிற்கிறது. ஏன்?

எஞ்சினை அணைத்ததும் பம்ப் நின்றுவிடும்; சிலிண்டர் ஹெட்டின் சூடு நின்றிருக்கும் கூலன்டில் இறங்கும். ஓட ஆரம்பித்து ஓரிரு நிமிடத்தில் முள் வழக்கமான இடத்துக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால், எஞ்சின் ஆறிய பிறகு முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள்.