கத்தியில் பெயர் பொறித்த கிளாரா பேட்டர்ஸ்: கேள்வி பதில்

ஓவியர் கிளாரா எந்த ஆண்டு பிறந்தார்?

உறுதியான ஆவணம் இல்லை. 1607 முதல் 1621 வரை படங்களில் அவரே போட்ட ஆண்டுகள்தான் நமக்கு ஆதாரம். ஓவியப் பணி இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில்.

பீட்டர்ஸா, பேட்டர்ஸா?

பேட்டர்ஸ்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்க்கலாம்?

நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சீஸ் படம். சுமார் 1615-இல் வரைந்தது, பெரிய தாம்பாளத்தைவிடச் சிறியதுதான். வெட்டிய சீஸ் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. உச்சியில் ஒரு சீனப் பீங்கான் தட்டு, அதில் சுருள் சுருளாக வெண்ணெய். பக்கத்தில் பாதாம், அத்திப்பழம், முறுக்கு மாதிரி பின்னிய பிரெட்செல். வெட்டுப்பட்ட சீஸின் முகத்தைக் கவனியுங்கள். கத்தி இழுத்த இடம் ஒன்று, விரிசல் விட்ட இடம் ஒன்று என்று தனித்தனியாகத் தெரியும்.

மேசை விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீளும் வெள்ளிக் கத்தியில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. அந்தக் காலத்தில் விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் கத்தியைத் தாங்களே கொண்டுபோவார்கள். இது கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் வகைக் கத்தி. அதன்பிறகு ஜாடியின் உலோக மூடியைப் பாருங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் முகம் அதில் வளைந்து தெரியும். அது கிளாரா.

நகைகளோடு மேசை முன் உட்கார்ந்திருக்கும் பெண் படம் அவர்தானே?

அவர்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. எங்கே பார்த்தாலும் அவர் பெயரைப் போட்டு அதைப் பகிர்கிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம்.

ஏன் உணவும் பூவும் மட்டும்?

மனித உடலை நேரில் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய புராண, வரலாற்று ஓவியங்களுக்கு அது வேண்டும். மேசைமேல் இருக்கும் பொருளுக்கு யார் அனுமதியும் வேண்டாம். அதே சமயம், வேறு வழியில்லாமல் செய்தார் என்றும் நினைக்காதீர்கள். மீனை மையமாக வைத்து 1611-இல் அவர் வரைந்த படம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படி வரைந்த முதல் சிலரில் அவர் ஒருவர்.

வில்லெம் ஹெடா பற்றியும் சொல்லுங்களேன்.

அவரும் உணவு மேசைகளை வரைந்தவர்தான். ஆனால் நெதர்லாந்தின் ஹார்லெம்காரர், டச்சு மரபு. வேறொரு நாள் பார்க்கலாம்.

சீஸ் மேல் வெண்ணெய் வைத்தது பேராசைக்கு எதிரான எச்சரிக்கை. நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

பால் பொருள்மேல் பால் பொருள் வைப்பது பிசாசின் வேலை என்று டச்சில் ஒரு பழமொழி உண்டு. அதைப் பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் படம் என்ன செய்கிறது? மெழுகு மாதிரி சீஸ், வழவழப்பான வெண்ணெய், சில்லென்ற பீங்கான் என மூன்று பரப்புகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று காட்டுகிறது. அந்த உழைப்பை விட்டுவிட்டுப் பாவக் கணக்கு மட்டும் பார்த்தால் ஓவியரே காணாமல் போய்விடுவார்.

அப்படியென்றால் கத்தியில் நம்பிக்கை, நிதானம் இரண்டையும் பெண் உருவங்களாகப் பொறித்தது எதற்கு?

நல்ல கேள்வி, இது எனக்குப் பிடித்த விவாதம். உருவங்கள் இருப்பது உண்மை. ஆனால் கல்யாணக் கத்திகளில் இப்படிப்பட்ட உருவங்களைப் பொறிப்பது வழக்கம். கத்தியை உள்ளபடி வரைந்தால் அவையும் கூடவே வரும். கத்திக்குப் பொருள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேசையில் உள்ள ஒவ்வொரு பாதாமுக்கும் பொருள் தேடுவதைத்தான் மறுக்கிறேன்.

அத்திப்பழத்துக்குமா இல்லை?

அத்திப்பழம் இனிப்பு. பணக்கார வீட்டு மேசையில் இருக்கும். எனக்கு அது போதும்.

பிறந்த ஆண்டு 1594 என்று படித்தேனே?

முதல் பதிலைப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே பெயரில் ஒரு குழந்தை இருப்பதை வைத்துச் சொல்வது அது. பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒருவராகிவிட முடியாது.

அவர் முகத்தை வேறு எங்கே பார்க்கலாம்?

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகர அருங்காட்சியகத்தில், பூக்களும் பொற்கிண்ணங்களும் உள்ள 1612 படத்தில். ஒரு கிண்ணத்தின் புடைப்புகளில் திரும்பத் திரும்பத் தெரிவார். நகக்கண் அளவுகூட இல்லாத உருவம், அதன் கையில் வண்ணத்தட்டு. மறுபடியும் சொல்கிறேன், அந்த நகைப் படத்தை விட்டுவிடுங்கள். இதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.