வீட்டில் கார் கழுவ இடமில்லை, வண்டி தெருவில்தான் நிற்கிறது. ஆசையாக வைத்திருக்கும் பழைய காரை எப்படிக் கழுவுவது?

கேட்டவர் மூன்றாவது மாடியில் குடியிருப்பதாகவும், குழாய் இழுக்க வழியே இல்லை என்றும், வாட்டர் சர்வீஸில் விட மனசு வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அந்த மனசு எனக்கு நன்றாகவே புரியும்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி. வீட்டில் யாரும் பத்மினி என்று சொல்வதில்லை, ஃபியட்தான். திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறோம். வாசற்படி இறங்கினால் நேராகத் தெரு. போர்ட்டிகோ, ஷெட் எல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் அபூர்வம். வண்டி எதிர்ச்சுவர் ஓரமாக நிற்கும், தேரோட்ட நாட்களில் அதற்கும் வேறு இடம் பார்க்க வேண்டும். அங்கேயேதான் கழுவுகிறேன், ஒரு வாளித் தண்ணீரில்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இடம் தேவைப்படுவது தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதற்குத்தான். பழைய வண்டிக்குப் பீய்ச்சி அடிப்பதே ஆகாது. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் வருஷக்கணக்கில் வெயிலில் இறுகிப் போயிருக்கும். பிரஷர் தண்ணீர் அதன் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, கால் வைக்கும் இடத்தில் மிதியடிக்கு அடியில் போய்த் தங்கும். மேலே பார்த்தால் எல்லாம் காய்ந்தது போல இருக்கும், அடியில் தகரம் அரித்துக்கொண்டிருக்கும். பானட்டைத் திறந்து என்ஜினுக்கும் அடித்தார்கள் என்றால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போய் வண்டி அன்றைக்குக் கிளம்பாது. ஆகவே ஓஸ் பைப் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

பெயிண்டில் கீறல் விழுவதற்குக் காரணம் தண்ணீர் குறைவு இல்லை, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மணல். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் மணலுக்கா பஞ்சம்! அந்த மணலைத் தேய்க்காமல் தூக்கி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. இதற்கென்றே ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்று ஒரு திரவம் வருகிறது. ஷாம்பூ மாதிரி நுரைக்காது, பிறகு அலச வேண்டிய தேவையும் கிடையாது. தூசியைச் சுற்றிக்கொண்டு வழுக்கலாக்கி, துணியோடு வெளியே கொண்டுவந்துவிடும். பலவற்றில் கலவை 1:256, அதாவது பத்து லிட்டருக்கு 40 மில்லி. நீங்கள் வாங்கும் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது, கோடு கோடாகப் படியும்.

வாளியில் ஆறேழு லிட்டர் கலந்துகொண்டு, மைக்ரோஃபைபர் துணிகள் ஏழெட்டை மொத்தமாக அதில் ஊறப் போடுகிறேன். செடிக்கு மருந்தடிக்கும் கைப் பம்ப் ஸ்பிரேயர் ஒன்று வைத்திருக்கிறேன், அதிலும் இதே கலவைதான். முதலில் கூரையில் நன்றாக அடித்து ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிடுவேன். பிறகு ஒரு துணியை எடுத்து, சொட்டாத அளவுக்கு மட்டும் பிழிந்து நாலாக மடிக்க வேண்டும். அப்படி மடித்தால் ஒரு துணியில் எட்டுப் பக்கம் கிடைக்கும். கை அழுத்தாமல், துணியின் எடையே போதும் என்கிற மாதிரி, ஒரே திசையில் நேராக ஓர் இழுப்பு. வட்ட வட்டமாகத் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிகிற கீறல் எல்லாம் அப்படி வந்ததுதான். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். எட்டும் முடிந்தால் அந்தத் துணி தனியாக ஒரு பையில் போய்விட வேண்டும், திரும்ப வாளிக்குள் வரக்கூடாது. வாளித் தண்ணீர் கடைசி வரை தெளிவாக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி, அப்புறம்தான் கீழ்ப்பாதி. சக்கரத்துக்கும் அடிப்பட்டைக்கும் தனித் துணி, அது வேறு நிறத்தில் இருந்தால் குழப்பம் வராது. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுக்காதீர்கள்.

என் வண்டிக்கு முன்பு ஒருமுறை டிங்கரிங் பார்த்து, மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத காப்புப் பூச்சு இல்லாத சாதா பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இந்த மாதிரி வண்டியைத் துடைத்தால் துணியில் கொஞ்சம் நிறம் ஒட்டும். வெயிலில் வெளிறிப்போன மேல் படலம் அது, பயப்பட ஒன்றுமில்லை. மெழுகு போட்டு வைத்தால் குறையும். குரோம் பம்பர், கிரில், வீல் கப் இவற்றை மட்டும் ஈரம் காயும் வரை விடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

அந்தக் காலத்து டிரைவர்கள் வாளித் தண்ணீரில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விடுவார்கள். பளபளப்பு வரும், உண்மைதான். அந்த எண்ணெய்ப் பிசுக்கில் சாயங்காலத்துக்குள் தெருத் தூசி மொத்தமும் ஒட்டிக்கொள்ளும், ரப்பரும் ஊதிப்போகும். தலைக்குப் போடும் ஷாம்பூ சாஷேயைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அதை அலச எத்தனை குடம் வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் போதும்.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது சென்னையில் பெரிய விஷயம். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கறுப்பு பானட்டில் சொட்டு காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிச்சயம், அதைச் சுரண்டி எடுப்பது தனி வேதனை. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரில் கார் கழுவச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே போன உப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கும். பாத்ரூம் கழுவ, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு வேண்டுமென்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்குவது, உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரவெல்லாம் ஓடினால் வாளியில் கணிசமாகச் சேர்ந்திருக்கும். ஒரு துணியில் வடிகட்டினால் போதும். மழை நாளில் மொட்டை மாடியில் பிடித்துவைத்த தண்ணீரும் அருமை.

குறைந்த தண்ணீரில் கழுவுவதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே அறிவித்தது. ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் நூறு லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். அதை நடுத்தெருவில், குடத்தோடு அடிபம்பில் நிற்கிறவர்கள் கண் முன்னால் செய்ய எனக்குக் கூசும். நுரைத் தண்ணீர் மழைநீர் வடிகாலுக்குள் போவதும் நன்றாக இல்லை.

தெருவில் கழுவுகிறவர்களுக்குக் கோலம் ஒரு தனிப் பிரச்சினை. எதிர்வீட்டு மாமி காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு, நம் வண்டியிலிருந்து ஒரு சொட்டு அந்தப் பக்கம் ஓடினாலும் வம்புதான். ஒருநாள், “ஏம்ப்பா, காருக்குக் குளிப்பாட்டறேன்னு என் கோலத்தைக் குளிப்பாட்டிடாதே” என்று கேட்டே விட்டார். ஒழுகாத முறைக்கு மாறிய பிறகு அந்தப் பேச்சே இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். தொட்டால் சுடுகிற தகரத்தில் துணி வைத்தாலே திட்டுத் திட்டாகக் காயும். மாலையில் வேண்டாம், தெருவில் பையன்கள் பந்து அடிப்பார்கள், மாடு வேறு வந்து உரசும்.

காலையில் வரிசையாக வண்டி துடைக்கும் அண்ணனிடம் ஒப்படைக்கலாமா என்றால், ஒரே வாளி, ஒரே துணி, அடுத்தடுத்து நாலைந்து வண்டி. முதல் வண்டியின் மண் கடைசி வண்டிக்கு வந்து சேரும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மாதத்துக்கு நாம் கொடுக்கிற காசுக்கு அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். அவரை நிறுத்திவிடவும் வேண்டாம். “அண்ணே, பாடியைத் தொடாதீங்க, கண்ணாடியும் டயரும் மட்டும் பாருங்க, யாராவது உரசினா சொல்லுங்க” என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதே சம்பளம்தான். வேலை குறைந்ததில் அவருக்கும் சந்தோஷம்.

காக்கை, புறா எச்சத்துக்கு மட்டும் கழுவும் நாள் வரை காத்திருக்காதீர்கள். அதிலிருக்கும் அமிலம் வெயிலில் பெயிண்டைத் தின்றுவிடும். ஸ்பிரேயும் ஒரு துணியும் டிக்கியிலேயே இருக்கட்டும். நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் அப்படியே வழித்து எடுங்கள்.

மழைக்காலத்தில் சேறு அப்பிய வண்டிக்கு இந்த ஒரு வாளி வேலைக்கு ஆகாது. அப்போது பூவாளியால் முதலில் சேற்றை இறக்கிவிட வேண்டும். அடிப்பகுதியில் உப்பும் சேறும் சேர்ந்திருந்தால் வாட்டர் சர்வீஸுக்கே போங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். “சக்கரமும் அடியும் மட்டும் அடிங்க தம்பி, மேல துணி போட வேண்டாம், டீசல் ஸ்பிரே வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். டீசல் பட்டால் அடியில் இணைப்புகளில் இருக்கும் புஷ் ரப்பர் எல்லாம் நைந்துவிடும். வந்ததும் கதவுகளின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை விளக்குமாற்றுக் குச்சியால் குத்திவிடுங்கள். அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும்.

கவர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெருவில் நிற்கும் வண்டிக்கு நான் போடுவதில்லை. காற்றில் படபடக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை அதுவே தேய்க்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். ஷெட்டுக்குள் நிற்கும் வண்டி என்றால் தாராளமாகப் போடலாம்.

மைக்ரோஃபைபர் துணியைத் துண்டு, பனியனோடு சேர்த்து மெஷினில் போட்டால் பஞ்சு முழுவதையும் பிடித்துக்கொண்டு வரும். தனியாக, கொஞ்சம் லிக்விட் சோப்பில் அலசுங்கள். வாசனைக்காக ஊற்றுகிற கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், இழை மெழுகிப்போய் அடுத்த முறை தண்ணீரையே உறிஞ்சாது. காய்ந்ததும் ஒரு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். என் வீட்டில் அந்த டப்பா மேல் பரணில்தான் இருக்கும், இல்லாவிட்டால் நல்ல துணி என்று சமையலறைக்குப் போய்விடும்.