ஸ்டீல் வீங்குமா?

கேள்வி: அணு உலைக்குள்ள இருக்குற ஸ்டீல் நாளாக நாளாக வீங்கும்னு சொல்றாங்களே, நிஜமா சார்?

பதில்: நிஜம்தாங்க. ஸ்காட்லாந்து டௌன்ரேயில, வேகமான நியூட்ரான வெச்சு ஓடுற வேக உலையில இருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குள்ள நுண்ணிய ஓட்டைகள் இருக்குன்னு 1967ல காத்தோர்ன், ஃபுல்டன்னு ரெண்டு பேர் வெளியிட்டாங்க. நியூட்ரான் மோதி அணுக்கள இடத்த விட்டுத் தள்ளிடுது, காலியான இடமெல்லாம் ஒண்ணு சேர்ந்து ஓட்டையாகுது, உலோகம் உப்புது. ஓட்டை போதாதுன்னு ஹீலியம் வாயுவும் சேரும், அது இன்னும் பொல்லாததுங்க, அது வெளியிலேர்ந்து வர்றதில்ல, ஸ்டீல்ல இருக்குற நிக்கலும் போரானும் நியூட்ரான வாங்கி உள்ளயே உண்டாக்குது, உலோகத்துல கரையவும் கரையாது, குமிழா திரண்டு படிகங்களுக்கு நடுவுல இருக்குற எல்லையில போய் உக்காந்துக்கிட்டு சூட்டுல ஸ்டீல விரிசல் விட வெச்சிடும். கல்பாக்கம் ஈனுலையில, அதாவது எரிபொருள எரிச்சுக்கிட்டே புதுசா எரிபொருளும் உண்டாக்குற உலையில, எரிபொருள அடைச்சு வெக்கிற குழாய்க்கு டைட்டானியம் சேர்த்த டி9 ஸ்டீல் எடுத்ததுக்கு இதான் காரணம், அதுல இருக்குற டைட்டானியம் கார்பைடு துகள்கள் ஹீலியத்த அங்கங்க பிடிச்சு வெச்சு எல்லைக்குப் போக விடாது, ரொம்ப அருமையான யோசனைங்க அது.