பதில்: கழுத்து இறுக்கத்துக்கு தாய் மசாஜ் போலாமா?

நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உக்காந்து வலது தோள்பட்டை இறுகிப்போச்சு, தாய் மசாஜ் போலாமான்னு கேட்டிருக்கீங்க. அதுல எண்ணெய் கிடையாது ப்ரோ, லூசான டிரஸ் போட்டுட்டு தரையில மெத்தை விரிச்சு கை கால இழுத்து வளைப்பாங்க, உடம்பு மொத்தமா விறைச்சுப் போனவங்களுக்கு செட் ஆகும், ஆனா உங்களுக்கு ஒரே எடத்துல கல்லு மாதிரி முடிச்சு இருக்குங்கறதால டீப் டிஷ்யூ மசாஜ் தான் என் சாய்ஸ், கட்டைவிரல், முழங்கை வெச்சு மெதுவா, ஆழமா அழுத்துவாங்க, மறுநாள் லேசா வலிக்கலாம். எண்ணெய் போட்டு லேசா நீவி விடற ஸ்வீடிஷ் மசாஜ் இதமா இருக்கும், அவ்ளோதான். ஆனா விரல் மரத்துப்போகுதுன்னு கடைசில சும்மா போற போக்குல போட்டிருக்கீங்களே, அது நரம்பு மேட்டரா இருக்கலாம், மொதல்ல டாக்டர பாருங்க, அதுவரைக்கும் யாரையும் கழுத்துல சொடக்கெடுக்க விடாதீங்க.