விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரையே சுத்திகரித்துக் குடிக்கிறார்களாமே, உண்மையா?
– வாசகி, தென்காசி

உண்மைதான். குடிக்க, உணவில் கலக்க, பல் துலக்க என ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3.8 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏழு பேர் ஆறு மாதம் தங்கினால் 4,700 லிட்டரைத் தாண்டிவிடும். அத்தனையையும் ராக்கெட்டில் ஏற்றிக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது.

கழிப்பறைக் குழாய் சிறுநீரைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுகிறது. கிருமி வளராமலும் அமோனியா கிளம்பாமலும் இருக்க அங்கேயே அமிலம் கலந்துவிடுவார்கள். அடுத்தது வடித்தல். தரையில் என்றால் கொதிக்கவைத்தால் ஆவி தானாகப் பிரிந்து மேலே போகும். அங்கே மேல், கீழ் என்பதே கிடையாது. அதனால் சுழலும் உருளைக்குள் விடுகிறார்கள். திரவம் சுவரோடு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அதைக் குளிரவைத்து, மூச்சிலும் வியர்வையிலும் இருந்து பிடித்த ஈரத்தோடு சேர்த்து, வடிகட்டிகளிலும் வினையூக்கி உலையிலும் செலுத்துவார்கள். சேமித்து வைக்கும்போது கிருமி சேராமல் இருக்க அயோடின் சேர்ப்பது வழக்கம். குடிக்கும் முன் அதை நீக்கிவிடுவார்கள்.

2008 நவம்பரில் எண்டெவர் விண்கலத்தில் போன இந்தக் கருவி, அடுத்த ஆண்டே படுத்துவிட்டது. காரணம் எலும்பு! எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் அதிகமாக வெளியேறுகிறது. அது, கலந்திருந்த சல்பூரிக் அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்து உருளையை அடைத்துவிட்டது. 85 சதவீதம் மீட்கத் திட்டமிட்டிருந்த கருவியை, உப்பு கெட்டியாகாமல் இருக்க 75-க்கும் கீழே இறக்கி ஓட்ட வேண்டியதாயிற்று. பிற்பாடு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிய பிறகுதான் படிவுத் தொல்லை தீர்ந்தது. வடித்தபின் மிஞ்சும் கெட்டிக் கழிவிலிருந்தும் ஈரத்தைப் பிரிக்கும் கருவி சேர்ந்ததும், 2023-ல் மொத்த மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது.

உடற்பயிற்சி செய்தால் எலும்பு கரையாதா? எடையே இல்லாத இடத்தில் எடை தூக்குவது எப்படி?
– வாசகர், கும்பகோணம்

எதுவும் செய்யாமல் இருந்தால் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறையும். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சிக்கு ஒதுக்கினால் இழப்பு வெகுவாகக் குறையும், அறவே நிற்காது.

எடைக்குப் பதில் வெற்றிட உருளைகள் இரண்டு. கம்பியைத் தள்ளும்போது பிஸ்டன் வெற்றிடத்துக்கு எதிராக நகர வேண்டும். 270 கிலோ வரை எதிர்ப்பு வைக்கலாம். பூமியில் உட்கார்ந்து எழும்போது உடம்பின் எடையையும் சேர்த்தே தூக்குகிறோம். அங்கே அது கிடையாது என்பதால், அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் அளவு வைப்பார்கள். ட்ரெட்மில்லில் ஓட, தோளிலும் இடுப்பிலும் பட்டை கட்டி ரப்பர் வடங்களால் கீழே இழுத்துப் பிடிப்பார்கள். பட்டை உராய்ந்து தோல் சிவந்துபோவது சகஜம். இந்தக் கருவிகளை நிலையத்தின் சட்டகத்தில் நேராகத் திருகி வைப்பதில்லை. அதிர்வு சூரியத் தகடுகளைப் பாதிக்கும் என்பதால், அதிர்வைத் தாங்கும் அமைப்பின் மேல் மிதக்கவிட்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், எடைப்பயிற்சிக் கருவியும் சிறுநீர்க் கருவியும் ஒரே பயணத்தில் மேலே போனவை.

எட்டு நாளுக்கென்று போன சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் இருந்தாரே, துணிமணிக்கு என்ன செய்தார்?
– வாசகி, ஈரோடு

நல்ல கேள்வி. 2024 ஜூனில் அவர் கிளம்பும் சமயத்தில், மேலே சிறுநீர்க் கருவியின் பம்ப் ஒன்று பழுதாகிவிட்டது. சுமார் 70 கிலோ எடையுள்ள மாற்று பம்பை அவர் போகவிருந்த ஸ்டார்லைனர் விண்கலத்தில் ஏற்ற, அவருடைய பெட்டியும் உடன் போன புட்ச் வில்மோரின் பெட்டியும் இறக்கப்பட்டன! நிலையத்தில் பொதுவாக இருக்கும் உடைகளைக் கொண்டு சமாளித்தார்கள். உணவு எப்போதும் பல மாதத்துக்கு இருப்பில் இருக்கும். ஹீலியம் கசிவாலும் உந்துபொறிக் கோளாறாலும் ஸ்டார்லைனர் ஆளில்லாமல் திரும்பிவிட்டது. எனவே அடுத்த டிராகன் கலத்தில் நால்வருக்குப் பதில் இருவரை மட்டும் அனுப்பி, இரண்டு இருக்கைகளைக் காலியாக வைத்தார்கள். 2025 மார்ச் 18-ல் இருவரும் அதில்தான் தரையிறங்கினார்கள்.

விண்நடையின்போது ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் புகுந்ததாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

2013 ஜூலை 16, இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பார்மிட்டானோ. உடையின் குளிர்ச்சிக்கான நீரைக் காற்றிலிருந்து பிரிக்கும் பகுதியில் சிலிக்கா அடைத்துக்கொண்டு, நீர் காற்றுவழியில் ஏறிவிட்டது. பின்தலையில் சேர்ந்த தண்ணீர் வழிந்து விழவில்லை. தோலை ஒட்டியபடியே கண், காது, மூக்கு என்று பரவியது. ஒரு லிட்டருக்கு மேல். நடை ஒன்றரை மணி நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. இதற்கு ஒரு வாரம் முன்பும் அதே ஹெல்மெட்டில் ஈரம் தென்பட்டது. குடிநீர்ப் பை கசிகிறது என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் கோட்டை விட்ட இடம் அதுதான் என்பேன். அதற்குப் பிறகு தலைக்குப் பின்னால் நீர் உறிஞ்சும் பஞ்சு, வாயருகே உடையின் கீழ்ப்பகுதிக் காற்றை இழுக்க ஒரு குழாய் இரண்டும் கட்டாயம்.

அங்கே பிரெட் கிடையாதாமே?
– வாசகர், திண்டுக்கல்

துகள் உதிர்ந்து மிதந்து கண்ணிலும் காற்று வடிகட்டியிலும் போய்ச் சேரும். அதனால் சப்பாத்தி போன்ற டார்ட்டில்லா. உப்பும் மிளகும்கூடத் திரவமாகத்தான்.