நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டா பாலியல் நோய் ரெஸ்ட் (பரிசோதனை) தேவையில்லையோ?

"அண்ணை, பரந்தன் பக்கம் என்ர ஊர், தம்புள்ளைக்கு லொறி ஓடுறன். போன வருசம் ஒரு பிள்ளையோட பழகினனான். நல்ல குடும்பம், கோயில் குளம் எண்டு இருக்கிறவ, ஆள் நல்ல துப்புரவு. ஆணுறை பாவிக்கேல்ல. எனக்கு இண்டைவரை ஒரு வருத்தமும் இல்லை. இப்ப வீட்டில கலியாணம் பேசினம். கூட்டாளிமார், கண்ட இடத்துக்குப் போறவனுக்குத்தான் இதெல்லாம், உனக்கென்னடா எண்டுறாங்கள். ரெஸ்ட் எடுக்கோணுமோ? பேர் வேண்டாம்."

தம்பி, எடும். கலியாணத்துக்கு முதல் எடும்.

உம்மட கடிதத்தில அந்தப் பிள்ளையின்ர குணத்துக்கு ஒரு வரி முழுக்க இருக்கு, ஆணுறை இல்லையெண்டதுக்கு ரெண்டு சொல்லு. எங்கட பெடியள் கனபேர் ஆபத்தை இப்பிடித்தான் அளக்கிறாங்கள், ஆள் ஆர், என்ன குடும்பம், பார்க்க எப்பிடி எண்டு. கிருமிக்கு உந்தக் கணக்கு ஒண்டும் இல்லை. அவவும் உம்மை நல்ல பெடியன் எண்டு நம்பித்தானே ஒண்டும் கேக்கேல்ல?

வருத்தம் இல்லை எண்டதையும் நம்பாதையும். கிளமிடியா எண்ட பாலியல் நோய் வந்த ஆம்பிளையள் கனபேருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. சிபிலிஸ் எண்டதும் ஒரு பாலியல் நோய், அதில வாற புண் நோகாது, 3-6 கிழமையில தானாக் காய்ஞ்சிடும், ஆள் சுகம் எண்டு நினைப்பார், நோய் உள்ளுக்க இருக்கும். எச்.ஐ.வி வருசக்கணக்கில சத்தமில்லாமல் கிடக்கும்.

கலியாணம் கட்டின ஆக்கள் சொல்லுற இன்னொரு கதை இருக்கு, மனுசிக்கு பிள்ளைத்தாச்சி கிளினிக்கில இரத்தம் பார்த்தவை, ஒண்டும் இல்லை, அப்ப எனக்கும் இல்லையாம். அங்க எச்.ஐ.வியும் சிபிலிசும் பார்க்கிறது உண்மை, அப்பிடிப் பார்த்துத்தான் தாயிட்ட இருந்து பிள்ளைக்கு இந்த ரெண்டும் பரவுறதை இலங்கை நிப்பாட்டினதெண்டு 2019இல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்தது. ஆனா அது அவவின்ர இரத்தம். வெளிநாடு போக எடுத்த மெடிக்கல் பாஸ் எண்டுறவையும் அப்பிடித்தான், அது அண்டைய நாளோட சரி, பிறகு நடந்ததுக்குக் காவல் இல்லை.

உண்மையில பயம் நோய்க்கில்லை, கிளினிக் வாசலில ஆரும் கண்டிடுவினம் எண்டதுக்குத்தான், அது எனக்கும் விளங்குது, சின்ன ஊர். கிளிநொச்சி, வவுனியா ஆஸ்பத்திரியளில பாலியல் நோய் கிளினிக் இருக்கு, காசில்லை, விபரம் வெளிய விடமாட்டினம். தெரிஞ்ச முகம் வேண்டாமெண்டா அனுராதபுரத்தில எடும், உமக்கு அது தூரமே இல்லை. 3 மாதம் தாண்டினபடியா எச்.ஐ.வி முடிவையும் நம்பலாம். கிளமிடியாவும் சிபிலிசும் மருந்தோட மாறும், எச்.ஐ.விக்கும் மருந்து இலவசம், ஒழுங்காப் போட்டு இரத்தத்தில கிருமி தெரியாத அளவுக்கு வந்திட்டா உடலுறவால மற்றாளுக்குத் தொத்தாது.

ஏதும் இருந்தா அந்தப் பிள்ளைக்கும் தெரிய வேணும், அவவும் மருந்தெடுக்கோணும். எப்பிடிச் சொல்லுறதெண்டு கிளினிக்கிலயே கேளும், அவையள் உதவுவினம்.