ஸ்ட்ரைஃபுக்குள் ஆம்பியர் போகும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் வசிக்கிறேன். என் மகனுக்குப் பதினொரு வயது. அவனுக்கு வாங்கிய நெர்ஃப் ஸ்ட்ரைஃப் பிளாஸ்டரை (டார்ட் எனும் நுரைத் தோட்டாவைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி) கொஞ்சம் வேகமாக்கலாம் என்று இறங்கினேன். நான்கு ஏஏ பேட்டரிக்குப் பதில் அதே அளவுள்ள இரண்டு 14500 லித்தியம் செல், மீதி இரண்டு இடத்தில் மின்சாரத்தைக் கடத்த மட்டும் செய்யும் டம்மி போட்டால் போதும் என்றார்கள். இரண்டு நாள் டார்ட் பறந்தது. இப்போது பத்துப் பன்னிரண்டு டார்ட் சுட்டதுமே, டார்ட்டை இடையில் கவ்வித் தள்ளும் இரண்டு சக்கரங்களும் சோர்ந்து நின்றுவிடுகின்றன. ஒரு நிமிடம் விட்டால் திரும்ப ஓடுகின்றன. பேட்டரிப் பெட்டியில் கை வைக்க முடியாத சூடு, லேசாகத் தீய்ந்த வாசனை. மோட்டார் போய்விட்டதா? 3எஸ் லிப்போ (மூன்று செல் வரிசையாகச் சேர்ந்த லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டு விநாடிக்கு 150 அடி வேகம் எடுக்க ஆசை. சால்டரிங் ஓரளவு வரும். எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த இரண்டு செல்களையும் கழற்றி, வீட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் வையுங்கள். அவற்றைத் திரும்ப சார்ஜ் செய்ய வேண்டாம். பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

மோட்டார் போகவில்லை. நின்று, ஆறி, மறுபடி ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஸ்ட்ரைஃபின் வயரிங்கில் தெர்மிஸ்டர் என்று ஒரு சிறு பாகம் உண்டு. அதிகக் கரண்ட் பாய்ந்தால் அது சூடாகும்; சூடானால் அதன் மின்தடை பல மடங்கு ஏறி மோட்டாருக்குப் போவதை அடைத்துவிடும். ஆறியதும் வழி விடும். அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது அடைக்கிற அளவுக்கு மோட்டார்கள் கரண்டைத் தொடர்ந்து கேட்டதால்தான் கட்டைவிரல் அளவுள்ள அந்தச் செல்கள் கொதித்திருக்கின்றன.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிற எல்லோரும் வோல்ட்டைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஆம்பியரை. நிற்கிற மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில்தான் மிக அதிகமாகக் கரண்ட் இழுக்கும். ஒவ்வொரு டார்ட்டும் சக்கரத்துக்குள் நுழையும்போது வேகம் குறையும், கரண்ட் மறுபடி ஏறும். மாற்று மோட்டார்கள் இரண்டு சேர்ந்து அந்தக் கணத்தில் 30 ஆம்பியரைக்கூடத் தொடும். பேட்டரி, கனெக்டர், வயர், சுவிட்ச், மோட்டார் ஆகிய ஐந்தில் எது மெலிந்திருக்கிறதோ அங்கேதான் சூடு. உங்கள் பிளாஸ்டரில் பேட்டரி, வயர், சுவிட்ச் மூன்றுமே மெலிவு. இதில் 3எஸ் போட்டால் 12.6 வோல்ட் ஏறும். 6 வோல்ட்டுக்குச் செய்த மோட்டாரின் பிரஷ் சீக்கிரமே கருகும்.

எனவே வயரிங்கிலிருந்து தொடங்குங்கள். வாங்க வேண்டியவை: 16 கேஜ் சிலிக்கோன் உறை வயர் சிவப்பிலும் கறுப்பிலும் ஒவ்வொரு மீட்டர் (அதைவிட மெல்லிய 18 கேஜும் தாங்கும், வளைக்க எளிது), 21 ஆம்பியர் மைக்ரோசுவிட்ச் ஒன்று, எக்ஸ்டி60 கனெக்டர் ஒரு ஜோடி, காரில் போடும் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும் அதன் ஹோல்டரும், சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், 2எஸ் (இரண்டு செல்) பேட்டரிக்கான மோட்டார் இரண்டு. மோட்டார் 130 அளவில் இருக்க வேண்டும். எம்டிபி ரைனோ, மெய்ஷெல் 2.0 இரண்டுமே இந்த வேலைக்கு நன்கு பழகியவை. ஏன் 3எஸ் வேண்டாம் என்று கேட்பீர்கள். 3எஸ் மோட்டாரை 3எஸ் பேட்டரியில் ஓட்டினாலும், 2எஸ் மோட்டாரை 2எஸ்ஸில் ஓட்டினாலும் சக்கரம் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். 3எஸ்ஸில் கரண்ட் குறையும் என்பது உண்மையான நன்மைதான். ஆனால் ஸ்ட்ரைஃபின் பேட்டரி அறையில் இடம் குறைவு. முதல் முறை செய்பவருக்கு 2எஸ் போதும்.

பேட்டரி 2எஸ், 1000 எம்ஏஎச், 25சி-க்குக் குறையாமல் எடுங்கள். சி என்பது பேட்டரி தன் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு கரண்ட் தரும் என்ற எண். 1000 எம்ஏஎச் என்பது 1 ஆம்பியர்-மணி; அதை 25ஆல் பெருக்கினால் 25 ஆம்பியர். ஆனால் உறையில் அச்சிட்ட சி எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பாதியாகக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. அதனால் இடம் இருந்தால் 35சி, 45சி வாங்குவதே மேல். ஏஏ அறையின் உள்சுவர்களை வெட்டினால்தான் லிப்போ உள்ளே போகும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள். லிப்போவின் உறை வெறும் படலம். கூரான பிளாஸ்டிக் முனை ஒன்று அதைத் துளைத்தால் தீப்பிடிக்கும்.

திறப்பதற்கு முன் ஒரு அட்டையில் பிளாஸ்டரின் உருவத்தை வரைந்து, கழற்றும் திருகை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். மூடியைத் தூக்கியதும் தொடாமல் ஒரு படம் எடுங்கள். ஸ்பிரிங்குகள் எங்கே மாட்டியிருந்தன என்பது மறுநாள் நினைவிருக்காது.

உள்ளே சக்கரங்களை ஓடவைக்கும் ரெவ் ட்ரிகரின் சுவிட்ச் தவிர இன்னும் இரண்டு சுவிட்ச் உண்டு. ஒன்று, சிக்கிய டார்ட்டை எடுக்கும் ஜாம் கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டும். இன்னொன்று, டார்ட் நிரப்பும் மேகஸின் இல்லாவிட்டால் வெட்டும். இரண்டுமே சிறியவை, இவ்வளவு கரண்டைத் தாங்காதவை. வயரிங்கிலிருந்து அவற்றையும் தெர்மிஸ்டரையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் அந்தப் பிளாஸ்டரில் பாதுகாப்பு என்று எதுவும் மிஞ்சாது. பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெர்மிஸ்டர் செய்த வேலையை ஃபியூஸ் செய்யட்டும். அதைப் பேட்டரியின் சிவப்பு வயரில், கனெக்டரை ஒட்டியே வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கணம் ஏறும் கரண்ட்டுக்கு பிளேடு ஃபியூஸ் போகாது. சக்கரம் சிக்கி நின்றால் போகும். ஜாம் கதவைத் திறக்கும் முன் பேட்டரியைப் பிடுங்குவது கைப்பழக்கமாக வேண்டும். சுற்றும் சக்கரம் விரல் நகத்தைப் பெயர்க்கும்.

வயரிங் எளிது. பேட்டரியின் சிவப்பு, ஃபியூஸ், சுவிட்ச், அங்கிருந்து இரண்டு மோட்டாருக்கும் கிளை. மோட்டாரின் மறுமுனைகள் இரண்டும் சேர்ந்து கறுப்பில். மைக்ரோசுவிட்சில் மூன்று கால் இருக்கும். காமன் (பொது), என்ஓ (அழுத்தினால் மட்டும் இணைவது) இரண்டில் மட்டும் இணையுங்கள். என்சி காலில் இணைத்தால் பேட்டரி செருகியதுமே சக்கரம் ஓடும், ட்ரிகரை அழுத்தினால் நிற்கும். மோட்டார்களை இணைக்கும்போது ஒன்றுக்கு நேராகவும் மற்றதுக்கு மாற்றியும் கொடுக்க வேண்டும். இரண்டு சக்கரமும் எதிரெதிர்த் திசையில் சுற்றினால்தான், டார்ட்டைத் தொடும் இரு விளிம்பும் குழாய் வாயை நோக்கி நகரும். சக்கரங்களையும் மோட்டார்களையும் தாங்கும் கூண்டைத் திருகுவதற்கு முன் ஒரு நொடி மின்சாரம் கொடுத்து, ஒரு காகிதத் துண்டை நீட்டிப் பாருங்கள். முன்பக்கமாக இழுத்துத் துப்பினால் சரி.

சால்டரிங்கில் இரண்டு இடத்தில் தவறு நேரும். மோட்டாரின் பின்மூடி பிளாஸ்டிக். சால்டரிங் இரும்பை மூன்று நொடிக்கு மேல் வைத்தால் உருகி, பிரஷ் இடம் மாறி, மோட்டார் அங்கேயே முடிந்துவிடும். 60 வாட் இரும்பு, முனையில் ஃப்ளக்ஸ், வயரிலும் காலிலும் முன்கூட்டியே ஈயம் பூசி வைத்து, தொட்டதும் எடுத்துவிடுங்கள். 25 வாட் இரும்பில் மெதுவாகச் செய்வது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அதுதான் அதிக நேரம் சூடேற்றிக் கெடுக்கும். அடுத்தது எக்ஸ்டி60. அதன் ஜோடியைச் செருகி வைத்துக்கொண்டே பற்றவையுங்கள், இல்லையென்றால் உறை இளகி ஊசி சாய்ந்துவிடும். ஊசி வெளியே தெரியாத பாதிதான் பேட்டரி பக்கம் வர வேண்டும். ஹீட் ஷ்ரிங்க்கை வயரில் கோர்த்த பிறகே பற்றவைக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒருமுறையாவது மறப்பார்கள்.

சக்கரத்தைப் புது மோட்டாரின் தண்டில் ஏற்றும்போது சுத்தியல் கூடாது. வைஸில் வைத்து, மறுபக்கம் தண்டின் பின்முனை மட்டும் தாங்கும்படி அழுத்துங்கள். மோட்டாரின் உடல் அழுத்தம் வாங்கினால் உள்ளே பேரிங் நசுங்கும். சக்கரம் கோணலாக ஏறினால் ஓடும்போது கூண்டு முழுக்க அதிரும். கழற்றித் திரும்ப ஏற்றுவதைத் தவிர வழியில்லை. பிறகொரு நாள் உலோகக் கூண்டு போடுவதானால் எம்2 திருகின் நீளத்தைப் பாருங்கள். மோட்டாருக்குள் சுமார் 2 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் உள்ளே சுற்றும் சுருளை அது உரசும்.

இனி வேகம். பழைய சக்கரமும் கூண்டும் இருக்க, மோட்டாரையும் வயரிங்கையும் மட்டும் மாற்றினால் விநாடிக்கு 100 முதல் 120 அடி கிடைக்கும். அதற்கு மேல் மோட்டார் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, காரணம் எளிய கணக்கு. டார்ட்டைத் தொடும் இடத்தில் சக்கரத்தின் விட்டம் சுமார் 34 மில்லிமீட்டர், சுற்றளவு 10.7 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 53 மீட்டர், அதாவது 175 அடி. டார்ட்டோ 120 அடியில் வெளியேறுகிறது. மீதி வேகம் வழுக்கலில் போகிறது. இன்னும் வேகமாகச் சுற்றினால் இன்னும் வழுக்கும், அவ்வளவுதான். டார்ட்டின் தடிமன் 12.7 மில்லிமீட்டர். பிடிப்பு கூட வேண்டுமானால் சக்கரங்களுக்கு இடைப்பட்ட வெளி குறைய வேண்டும். மாற்றுக் கூண்டுகளில் பலர் 9.5 மில்லிமீட்டரை ஒட்டி வைக்கிறார்கள். 150 அடி அங்கேதான் கிடைக்கும். அங்கே டார்ட்டும் சீக்கிரம் கிழியும், மோட்டாரும் அதிகம் இழுக்கும். நெர்ஃபின் நீல எலைட் டார்ட்டின் இலேசான முனை அந்த வேகத்தில் வாலாட்டிக்கொண்டு திசை மாறும். கட்டம் கட்டமாகப் பள்ளம் உள்ள, சற்றுக் கனமான வாஃபிள் முனை டார்ட் வாங்குங்கள்.

கடைசியாக உங்கள் மகன். கடையில் வாங்கிய ஸ்ட்ரைஃப் ஏறக்குறைய 70 அடி வேகத்தில் சுடும். டார்ட் ஒரு கிராம் என்று வைத்தால் அதன் ஆற்றல் 0.23 ஜூல். 130 அடியில் அது 0.79 ஜூல், கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. 150 அடியில் ஒரு ஜூலைத் தாண்டும். கண்ணில் பட்டால் நிரந்தரமான கேடு வரலாம். பதினொரு வயதுப் பையன் நண்பர்களோடு வீட்டுக்குள் ஓடி விளையாடும்போது அந்த வேகம் வேண்டவே வேண்டாம். அவனுடைய ஸ்ட்ரைஃப் நான்கு நல்ல ஏஏ பேட்டரியுடன் பழைய வயரிங்கிலேயே இருக்கட்டும். அதில் கருகிய வாசனை வந்ததால், சுவிட்சின் பிளாஸ்டிக் இளகியிருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்துவிடுங்கள். இந்த வேலையை உங்களுக்கென்று இன்னொன்று வாங்கி அதில் செய்யுங்கள். பெரியவர்கள் கூடி விளையாடும் இடத்தில் ஏற்பாட்டாளர்கள் வேக வரம்பு சொல்வார்கள், குரோனோகிராஃப் என்ற வேகமானியில் அளந்தும் பார்ப்பார்கள். ஆட்டத்தில் இருப்பவர் எல்லோருக்கும் ஏஎன்எஸ்ஐ இசட்87.1 (கண் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தரம்) முத்திரையுள்ள கண்ணாடி வேண்டும்; வெயில் கண்ணாடி போதாது. பிளாஸ்டரின் குழாய் முனையில் உள்ள ஆரஞ்சு நிறத்தின் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம், முழு பிளாஸ்டருக்கும் கறுப்பு அடிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் தூரத்திலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு அந்த நிறம்தான் அடையாளம்.

லிப்போவை, ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். 1000 எம்ஏஎச் பேட்டரிக்கு 1 ஆம்பியர், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். வோல்டேஜ் அலாரத்தை ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வைத்து, அது கத்தியதும் ஆட்டத்தை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் விளையாட்டு இல்லையென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் கொண்டுவந்து, பிளாஸ்டரிலிருந்து கழற்றி, தீப்பிடிக்காத பையில் வையுங்கள். உப்பியிருந்தால் அன்றே அகற்றிவிடுங்கள்.

அன்புடன்